ஓரணு மூடி

கரி அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்த ஒற்றை அடுக்குதான் கிராஃபீன். தடிமன், ஒரு நானோமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிசு எதைத் தாங்கும்?

2008-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். சிலிக்கான் சில்லின் மேலுள்ள கண்ணாடி அடுக்கில் நுண்குழிகள் பறித்து, கிராஃபீனைப் போர்த்தினார்கள். பசை கிடையாது, நெருங்கிய பரப்புகளுக்கிடையே எழும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு விசையே விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டது. வெற்றிடத்தில் வைத்ததும், அடைபட்ட காற்று தள்ள, படலம் பூரிபோல உப்பியது. வெளி அழுத்தம் கூடியபோது உள்வாங்கியது. கிழியவில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கசிவுக் கணக்கு. வாயு மெல்ல வெளியேறத்தான் செய்தது. ஆனால் ஒற்றை அடுக்கானாலும் பல அடுக்கானாலும் கசியும் வேகம் ஒன்றே. அப்படியென்றால் குறை மூடியில் இல்லை. கண்ணாடிச் சுவர் வழியாகவோ, விளிம்பு ஒட்டிய இடம் வழியாகவோதான் வாயு நழுவியிருக்க வேண்டும். ஹீலியத்துக்கே வழிவிடாத மூடி!

அதே ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வைர முனையால் கிராஃபீனை அழுத்தியபோது, சுமார் 25 சதவீதம் நீண்ட பிறகே அறுந்தது. மயிரிழைக் கால்வாய்களில் திரவம் ஓடும் நுண்கருவிகளுக்கு, சிறு அழுத்தத்துக்கும் வளைந்துகொடுக்கும், லேசில் முறியாத இப்படியொரு சுவர் கிடைத்தால் வேறென்ன வேண்டும்?