ஸாப்ஃபினோவின் அழகு எங்கே இருக்கிறது

எழுத்தைச் சாய்த்து வாலைச் சுழித்துவிட்டால் கையெழுத்து போன்ற எழுத்துரு கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் ஸாப்ஃபினோ என்ற எழுத்துருவை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். ஜெர்மானிய எழுத்தோவியர் ஹெர்மன் ஸாப்ஃப் 1944இல் தன் நோட்டுப் புத்தகத்தில் வரைந்த எழுத்துகள்தான் இதன் மூலம். லினோடைப் நிறுவனம் வெளியிட்டதோ 1998இல். ஈய அச்சால் அந்த எழுத்துகளைத் தாங்க முடியவில்லை. உலோகக் கட்டைக்குள் அடங்காமல் ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் மேல் பாய்கிறது. அதைவிட முக்கியம், மனிதக் கை ஒரே எழுத்தை இருமுறை ஒன்றுபோல் எழுதுவதில்லை. ஸாப்ஃபினோவில் ஓர் எழுத்துக்கே பல வடிவங்கள் உண்டு. பக்கத்து எழுத்தைப் பார்த்து மென்பொருள் பொருத்தமானதை எடுக்கிறது. கைவண்ணம் என்று நாம் உணர்வது இந்த மாறுபாட்டைத்தான்.

கணக்குப் போட்டு வரும் மாறுபாடு எப்படிக் கலையாகும் என்று கேட்கலாம். மென்பொருள் தேர்வுதான் செய்கிறது. ஒவ்வொரு வடிவமும் பேனா பழகிய ஒருவரின் முடிவு. படிக்கக் கடினம் என்ற குறையை மறுக்க மாட்டேன். பத்தி முழுதும் இதில் அமைத்தால் மேல்கோடுகளும் கீழ்வால்களும் மோதிக் கண் களைத்துப்போகும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளை (capitals) மட்டும் அடுக்கினால் சொல்லே தெரியாது. அழைப்பிதழில் மணமக்கள் பெயர், நூலட்டையில் தலைப்பு, இவை இதற்கு உரிய இடங்கள். ஒரு வரி போதும். சுற்றிலும் தாராளமாக வெற்றிடம் விடுங்கள்.