கைவிடாதே என்னும் மன்றாட்டு

துன்பத்தில் தனித்து விடப்பட்ட உயிர் இறைவனின் அருளை இறைஞ்சும் குரலைத் தமிழில் மிகக் கூர்மையாகப் பதிவு செய்த ஆக்கங்களுள் ஒன்று, மாணிக்கவாசகர் திருவுத்தரகோசமங்கையை முன்னிறுத்திப் பாடிய நீத்தல் விண்ணப்பம். திருவாசகத்தின் ஆறாம் பகுதியான இதன் 50 பாடல்களும் கட்டளைக் கலித்துறையில், அதாவது ஒற்று நீங்கலாக ஓர் அடிக்கு 16 அல்லது 17 எழுத்து என வரையறுத்த யாப்பில், அமைந்தவை. ஒரு பாடலின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதி முறையில் அவை தொடுக்கப்பட்டுள்ளதால், ஒரு வேண்டுதல் ஓய்வதற்குள் அடுத்தது எழ, இறுதிப் பாடலின் முடிவு முதற்பாடலின் தொடக்கத்தோடு இணைந்து மண்டலித்து விடுகிறது.

கைவிட்டுவிடாதே என்னும் ஒரே வேண்டுகோள் பாடல்தோறும் திரும்ப வந்தும் சலிப்புத் தட்டாமைக்குக் காரணம், ஒவ்வொரு முறையும் துயரின் முகம் மாறுவதே ஆகும். இருபுறமும் எரியும் கொள்ளியின் நடுவே அகப்பட்ட எறும்பாக ஓரிடத்தில் தவிக்கும் அடியவர், முடிவை நெருங்குகையில், தம்மைக் கைவிட்டால் இறைவனைப் பித்தன் என்று பிறர் நகைக்கும்படி செய்துவிடுவதாக மிரட்டவும் துணிகிறார். தன் குற்றங்களை ஒளிக்காத பணிவும், அருளைத் தனக்குரிய பங்காகக் கேட்கும் உரிமையும் ஒரே குரலில் பிணைந்திருப்பதே இவ்விண்ணப்பத்தின் தனிச்சிறப்பு.