கைபட்டால் போதும்

கொள்ளுப்பிட்டி, காலி வீதி ஸ்டூடியோ ஒன்றில் கலியாணப் படம் திருத்த உட்கார்ந்தால், பழைய போட்டோசொப்பின் ‘வேரியேஷன்ஸ்’ ஜன்னலின் அருமை விளங்கும். நடுவில் நம் படம். சுற்றிவர அதே படம் ஆறு சிறுபடங்களாய், ஆறு சாயல்களில்: சற்றே சிவந்து, மஞ்சளித்து, நீலம் பாய்ந்து. ஒன்றைத் தொட்டால் அது நடுவுக்கு வரும். சுற்றியுள்ள ஆறும் அதற்கேற்ப மாறும். மாற்றம் பெரிதா சிறிதா என்பதற்கும் ஒரு தள்ளுகோல். எண் ஒன்றும் தெரியாத மணப்பெண்ணின் அம்மாவே, “தம்பி, கூறையின்ரை சிவப்பு இதுதான்” என்று விரல் வைத்துவிடலாம்.

நல்ல சிறுபடம் மாதிரிப் படத்தைக் காட்டாது, நம்முடையதையே காட்டும். வித்தியாசமும் ஒரே பார்வையில் தெரியும். நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் அது போதும். கண்ணிமையின் கூர்மையைப் பார்க்க மட்டும் முழு அளவுக்குப் பெருப்பிக்கத்தான் வேண்டும்.