வரியைக் கட்டியவர் யார்?

"வரி கட்டாமலேயே விட்டுவிட்டார்களா, ஐயா?"

அநீதியான சட்டத்துக்குப் பணியாதே என்று அஞ்சாது உரைத்த அமெரிக்க அறிஞர் தோரோவைப் பற்றி வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தேன். விழி விரியக் கேட்டிருந்த மாணவருள் ஒருவன் எழுந்து இப்படி வினவினான். விடை எனக்குத் தெரியும். அவ்விடைக்குள் ஒளிந்திருந்த வினாவோ அன்றுதான் தெரிந்தது.

கதையைத் தோழர்கள் அறிவர். 1846 ஜூலை, மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு ஊர். அடிமைமுறையைத் தாங்கி நிற்கும் அரசுக்கு ஆண்டுகள் பலவாய்த் தலைவரி தர மறுத்த தோரோ சிறைப்பட்டார். (அதற்கு முன்பே, தாம் சேராத திருச்சபையின் பாதிரியாருக்கென விதித்த வரியையும் மறுத்தவர் அவர்! நம் தோழர்களுக்கு இனிக்கும் செய்தி.) 1848இல் சொற்பொழிவு, 1849இல் அச்சேறிய கட்டுரை. அடிமைமுறையையும் மெக்சிகோ மீது தொடுத்த போரையும் ஒருசேரச் சாடும் அந்த எழுத்தின் வீறு இன்றும் குன்றவில்லை.

ஆயினும் அவர் சிறையில் இருந்தது ஓரிரவே. யாரோ குறுக்கிட்டு வரியைக் கட்டிவிட்டனர். வரி மறுத்தவன்மீது கொண்ட பரிவால் பிறர் அவன் வரியைக் கட்டுவாராயின், அவர் தனியன்புக்குப் பொதுநலத்தைப் பலியிடுகிறவர் என்று கட்டுரையிலே கடிந்துரைக்கிறார் தோரோ. படிக்கையில் சரியென்றே படுகிறது.

அதே 1846இல், மேரிலாந்திலிருந்து 1838இல் தப்பிய அடிமையான பிரெடரிக் டக்ளஸ் இங்கிலாந்திலே இருந்தார். 1845இல் தம் வரலாற்றை அச்சிட்டு, தாம் யாருடைய அடிமை என்பதை உலகுக்கு உரைத்துவிட்டதால், பிடிபடும் அச்சம் அவரைக் கடல் கடக்கச் செய்திருந்தது. அங்குள்ள நண்பர்கள் 150 பவுன் திரட்டி உடைமையாளனுக்குக் கொடுத்து அவரை மீட்டனர். உடனே எழுந்தது கண்டனம், அதுவும் அடிமை ஒழிப்பாளரிடமிருந்தே! மனிதனுக்கு விலை கொடுத்தது மனிதனை உடைமையென ஒப்பியதாகாதா என்றனர். அப்பணம் உடைமையாளனுக்கு ஈடு அன்று, அவன் பிடியிலிருந்து விடுபடும் வழி. தம் இயற்கை உரிமையின் விலையும் அன்று என்று விடையிறுத்தார் டக்ளஸ்.

இரு பணமும் பிறர் கட்டியவையே. ஒருவருக்குப் பிறர் கட்டியது குறுக்கீடு. மற்றவருக்கோ அதுவே வாழ்வு. தோரோவின் கண்டிப்பை டக்ளசின் நண்பர்மீது ஏவ எவருக்கு வாய் வரும்?

குறை இங்கேதான் இருக்கிறது. நாட்டு மக்களில் ஆறில் ஒரு பங்கினர் அடிமைகள் என்று எழுதுகிறார் தோரோ. அவர்களுள் ஒருவன் கட்டுரைக்குள் வரவும் செய்கிறான், எப்படி? சிறையிலே நேர்மையாளனைக் கண்டடைய வேண்டியவனாக! ஓடிவந்த அக்கணமே 1793ஆம் ஆண்டுச் சட்டம் அவனைத் துரத்தத் தொடங்கிவிட்டதே! வரி மறுத்தவருக்கு முன்பே சட்டத்தை மீறியவன் அவனல்லவா? மீறுதலின் ஆசான் நேர்மையாளனைத் தேடி வருபவனாய்க் குறுகிவிட்டான். தோரோவின் நெஞ்சில் ஈரமில்லை என்பதல்ல என் வாதம். 1851இல் தப்பி வந்த ஒருவரை அவர் கனடாவுக்கு இரயிலேற்றியதை அவர் நாட்குறிப்பே சொல்கிறது. செயலில் கண்டதை எழுத்தில் காணவில்லை, அவ்வளவே.

வரும் கிழமை டக்ளசின் தன்வரலாற்றை வகுப்புக்கு எடுத்துச் செல்லவிருக்கிறேன். முதலில் எழப்போகிறவன் யாரென்பதும் எனக்குத் தெரியும்.