கிட்டே போகாமல் ஒரு படம்

காரைக்காலில் பறவை பார்க்க எந்த வாசலிலும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. புதுவை ஒன்றியப் பகுதிக்கு இருக்கும் ஊசுட்டேரி சரணாலயம் வடக்கே, புதுச்சேரியை ஒட்டிக் கிடக்கிறது. தெற்கே கோடியக்கரை 1967 முதலே சரணாலயம். அங்கே வனத்துறைக் காவலும் கட்டுப்பாடும் உண்டு. நடுவிலே இருக்கும் நம் மண்ணில் அப்படி எதுவும் கிடையாது. நெடுங்காட்டு வயலில் நத்தை தேடும் நத்தைகுத்தி நாரையும், அரசலாற்று முகத்துவாரச் சேற்றில் மேயும் உள்ளான்களும், ஏர் உழும் டிராக்டர் பின்னாலேயே நடக்கும் கொக்குகளும் ஆள் நடமாடும் வெளியில்தான் பிழைக்கின்றன. ஆகவே பறவைப் படம் எடுக்கும் பொழுதுபோக்கு இங்கே நல்லதா கெட்டதா என்பது, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவர் எவ்வளவு தூரத்தில் நின்றுகொள்கிறார் என்பதைப் பொறுத்தது.

அந்தத் தூரத்தைப் பெரும்பாலும் கருவிதான் முடிவு செய்கிறது. கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் சின்ன லென்ஸை வைத்திருப்பவருக்கு வரப்பின் மறுகோடியில் நிற்கும் மடையான் ஒரு புள்ளியாகத்தான் விழும். அவர் நாலடி முன்னே வைப்பார். பறவை எட்டடி தள்ளிப் போகும். 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் இந்தச் சிக்கலைத் தீர்க்கும், ஆனால் விலை பத்து லட்சத்துக்கு மேல், எடையும் மூன்று கிலோவுக்கு மேல். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வழி திறந்தது 2013, 2014 வாக்கில் டாம்ரானும் சிக்மாவும் கொண்டுவந்த 150-600 ஜூம்கள். அடுத்து 2015இல் நிக்கான் பி900 கேமரா வந்தது. 83 மடங்கு ஜூம், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. அதன் சென்சார் சின்னது. விடியற்காலை மங்கலில் படம் பொரிப்பொரியாக வரும், பறக்கும் பறவையை அது துரத்திப் பிடிப்பது கடினம். இந்தக் குறைகளைச் சொல்லி அதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆற்றின் இக்கரையில் நின்றபடியே அக்கரைப் பறவையை இன்னதென்று அடையாளம் காண வைத்த கருவி அது.

இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே தேடிப் பிடிக்கின்றன, சத்தமில்லாமல் நொடிக்கு 20 படம் எடுக்கின்றன. சத்தமின்மை பறவைக்குக் கிடைத்த பெரிய லாபம். வேகமாக அடிக்கும் சிறகு சில சமயம் வளைந்து விழும். அது பொறுத்துக்கொள்ளக்கூடிய நஷ்டம். ஆனால் எந்த விலை லென்ஸும் நம் கடற்கரையில் ஒரு விஷயத்தை வெல்ல முடியாது. வெயில் ஏறிவிட்டால் மணலுக்கு மேலே காற்று அலையத் தொடங்கும். தூரத்துப் பறவையின் இறகுகள் கலங்கிப்போகும். அப்போது கிட்டே போகத்தான் கை பரபரக்கும். கேமராவை மூடி வீட்டுக்குப் போக வேண்டிய நேரம் அது.

கிட்டே போனால் என்ன ஆகும்? ஆட்காட்டியை எடுத்துக்கொள்வோம். கூடு என்று ஒன்றும் கட்டாது. வெறுந்தரையில், கூழாங்கல் நாலு கிடக்கிற மாதிரி, மண்ணிறத்தில் கரும்புள்ளியிட்ட முட்டைகள். கோடை வெயிலில் அந்தத் தரை கொதிக்கும். தாயும் தந்தையும் மாறி மாறி உட்கார்ந்து முட்டைக்கு நிழல் கொடுக்கும். பக்கத்துத் தண்ணீரில் வயிற்றிறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். படம் எடுப்பவர் குனிந்து, தவழ்ந்து, கோணம் பார்த்துப் பக்கத்திலேயே நின்றால், பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றும். முட்டை வெயிலில் கிடக்கும். மனிதன் எதையோ குனிந்து பார்க்கிறான் என்பதைக் காக்கையும் கவனித்துவிடும். கடைசியில் கிடைப்பது ‘கோபத்தில் ஆட்காட்டி’ என்ற தலைப்போடு விருப்பங்களை அள்ளும் ஒரு படம். அந்தப் பறவை அங்கே பட்டது வதை. அதை அழகு என்று பாராட்டுகிறவருக்கும் அதில் பங்குண்டு.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கப்பட்ட காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை வேட்டையோடு சேர்த்தே வைக்கிறது. ஒழுங்கான பல போட்டிகள் கூட்டுப் படங்களைத் தள்ளுபடி செய்கின்றன. ஆனாலும் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும், கூட்டமாக இறங்கி ஓய்வெடுக்கும் உள்ளான்களைச் சிறகு விரிந்த படத்துக்காகக் கிளப்பிவிடுவதும் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து உடம்பு தேற்றிக்கொள்ளும் பறவையை ஒருமுறை கிளப்புவது, அது தின்று சேர்த்ததைப் பறிப்பதாகும்.

இத்தனைக்குப் பிறகும் இந்தப் பழக்கம் பெருக வேண்டும் என்றே விரும்புகிறேன். காரணம், படம் சாட்சி. நோட்டுப் புத்தகத்தில் ‘சிறு உப்புக்கொத்தி’ என்று எழுதி வைத்தால் எழுதியவரின் கண்ணை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. படம் இருந்தால் பத்து வருஷம் கழித்தும் இன்னொருவர் சரிபார்க்கலாம். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் ஓர் உப்புக்கொத்தியை 2023இல் ஆய்வாளர்கள் அனுமன் உப்புக்கொத்தி என்று தனி இனமாகப் பிரித்தார்கள். தேதியும் இடமும் குறித்த பழைய படங்கள் கையில் இருப்பவர் அவற்றை மறுபடி எடுத்துப் பார்க்கலாம். காலில் வளையமிட்ட பறவையின் எண்ணை, பறவையைப் பிடிக்காமலே படத்தில் படித்துவிட முடிகிறது. தெளிவில்லாத படத்துக்கும் இந்த மதிப்பு உண்டு.

இங்கேதான் இன்றைய ரசனையோடு எனக்கு வழக்கு. படச்சட்டம் முழுக்கப் பறவை, பின்னால் பச்சை வண்ணத்தில் ஒரு மங்கல்: இதுவே உயர்ந்த படம் என்றாகிவிட்டது. அந்தப் பச்சை சம்பா வயலா, அலையாத்திப் புதரா, கருவேலங்காடா என்று யாருக்கும் தெரியாது. மா. கிருஷ்ணன் (1912–1996) பல பாகங்களை ஒட்டிச் சேர்த்துத் தாமே உருவாக்கிய கேமராவில் கறுப்பு வெள்ளையில் எடுத்த காட்டுயிர்ப் படங்களில் விலங்கோடு அதன் காடும் நிற்கும். துறைமுகமும் இறால் பண்ணையும் வீட்டுமனையும் நெருக்கும் இந்தச் சின்ன மாவட்டத்தில் பறவை எதன்மேல் நின்றது என்பதும் படத்தில் இருந்தாக வேண்டும். இடம் மாறிய பிறகு, முன்பு என்ன இருந்தது என்று காட்ட வேறு ஆதாரம் கிடைக்காது.

ஒவ்வொரு பொங்கலையொட்டியும் நாலு நாள் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று பார்த்ததை எண்ணி, ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றினால் போதும். திருநள்ளாற்றுக் குளக்கரையோ நிரவி வயலோ, உங்கள் வீட்டுக்குப் பக்கத்து இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் கேமரா எதுவானாலும் சரி. நின்ற இடத்திலிருந்து எடுங்கள், சுற்றுப்புறமும் தெரிய எடுங்கள், தேதி போட்டு ஏற்றுங்கள். கூட்டைக் கண்டால் மட்டும் எடுக்கவும் வேண்டாம், இடத்தை யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.