ஊர்ப்பாட்டும் சேரிப்பாட்டும்: கே. ஏ. குணசேகரனின் ஒலிநாடாக்கள்

'நாட்டுப்புறப் பாட்டு' என்றதும் எல்லாருக்கும் பச்சை வயலும் குளத்தங்கரையும் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அந்த நாட்டுப்புறத்தில் ஊர் எது, சேரி எது என்று யாரும் கேட்பதில்லை. தொகுப்பு நூல்கள் பலவற்றில் பாட்டு இருக்கும். பாடினவள் பேர் ஒரு மூலையில் கிடக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. சேற்றில் நின்றவளின் சாதி மறைந்துபோய், அவள் பாட்டு மட்டும் 'தமிழர் பண்பாடு' ஆகிவிடும். குணசேகரனின் ஒலிநாடாக்களை இந்த இடத்தில் வைத்துத்தான் நான் கேட்கிறேன்.

சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் 1955இல் பிறந்தவர். ஆய்வாளர், நாடகக்காரர், புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 'சேரிப்புறவியல்' என்று தன் நூலுக்குப் பேர் வைத்தவர். அந்தச் சொல் எழுப்புகிற கேள்வியை அவர் குரலும் எழுப்புகிறது.

'தன்னானே'வைப் பொருளற்ற அசை என்று சொல்லி அச்சுப் புத்தகங்கள் முதல் கண்ணியோடு விட்டுவிடும். அவரோ தன் கலைக்குழுவுக்கே அந்தப் பேரை வைத்தார். காதால் கேட்டால் காரணம் புரியும். ஒருத்தர் பாடி விட, மத்தவங்க தன்னானே என்று வாங்கும்போது, முன்பாட்டுக்காரி மூச்சு விட்டுக்கிடலாம், அடுத்த அடியை யோசிக்கலாம், குனிஞ்ச முதுகை ஒருதரம் நிமித்தலாம். கூட்டு உழைப்பின் கணக்கு அந்த அசைக்குள்தான் இருக்கு.

ஆனால் மரபு என்பதாலேயே ஒரு பாட்டு நமக்கு நல்லதாகிவிடாது. பண்ணையாரை வாழ்த்துகிற பாட்டும், நெல்லுக்குக் கையேந்துகிற பாட்டும் மரபுக்குள்தான் கிடக்கின்றன. அதனால்தான் பழைய மெட்டுகளோடு புதிய சொற்களும் தேவைப்பட்டன. இன்குலாப்பின் 'மனுசங்கடா' அப்படி வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அந்த நெருப்போடு சேர்த்துத்தான் இந்தப் பாட்டு நம்மிடையே பேசப்படுகிறது.

பக்கத்தில் படிக்கும்போது அது கவிதை. குணசேகரன் பாடும்போது அந்த 'டா' வேறாகிறது. நரைத்த கிழவனையும் ஊர்த்தெருச் சின்னப்பயல் 'டா' போட்டுக் கூப்பிட்ட எழுத்து அது. எங்க அப்பனை அப்படிக் கூப்பிட்டதை நான் கேட்டு வளர்ந்தவன். குணசேகரனின் குரலில் அது வந்த திசைக்கே திரும்பிப் போகிறது. 'மனிதர்களே' என்று எழுதியிருந்தால் மேடையில் கைதட்டல் கிடைத்திருக்கும், ஊர்த்தெருவுக்கு உறைத்திருக்காது. எங்க சேரியில் ஒலிபெருக்கி கட்டி இந்தப் பாட்டைப் போட்டால், சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஊரிலிருந்து ஆள் வரும். சினிமாப் பாட்டுக்கு யாரும் வந்ததில்லை. இதைவிடப் பெரிய விமர்சனம் அந்தப் பாட்டுக்கு வேறு யார் எழுதிவிட முடியும்?

எழுதியவர் பிறப்பால் தலித் இல்லையே, இது தலித் பாட்டாகுமா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இன்குலாப் கீழக்கரை இசுலாமியக் குடும்பத்தில் பிறந்தவர். குணசேகரனோ தன் பிள்ளைப்பிராயத்து இளையான்குடி இசுலாமியர்களோடு பழகியதை 2005இல் வந்த 'வடு'வில் எழுதியிருக்கிறார். எழுதியவரின் கோபம் நியாயமானது. பட்டவனின் தொண்டைக்குள் புகுந்து வெளியே வந்த பிறகு அது நம்ம பாட்டு. இன்று ஊர்வலத்தில் பாடுகிற பையனுக்கு இரண்டு பேர் பெயரும் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் சொந்தப் பாட்டாகத்தான் பாடுகிறான்.

எனக்குக் குறையும் உண்டு. சாவு வீட்டில் விடிய விடிய நீள்கிற ஒப்பாரி, ஒலிநாடாவில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அழுகிறவள் ஒவ்வொரு முறையும் புதுசாக் கட்டுகிற பாட்டு ஒரே வடிவத்தில் உறைந்துவிடுகிறது. தாலாட்டும் நடவும் ஒப்பாரியும் பெரும்பாலும் பெண்கள் பாட்டு. ஒரு ஆணின் பெயரில் அவை பரவும்போது, சொல்லிக்கொடுத்த அப்பத்தாக்களும் அத்தைகளும் மறுபடியும் பேரில்லாதவர்களாகிறார்கள். இது அவர் ஒருவரின் பிழையென்று நான் சொல்லவில்லை. ஒலிப்பதிவு என்கிற தொழிலே அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது.

2016 சனவரியில் குணசேகரன் போனார். அதே ஆண்டு டிசம்பரில் இன்குலாப்பும் போனார். இப்போது ஒவ்வொரு தோழர் கையிலும் பதிவு செய்கிற கைப்பேசி இருக்கிறது. பாடுகிற அம்மாவிடம் முதலில் பேரைக் கேளுங்கள். எந்தச் சேரி, யாரிடம் படித்தாள் என்று கேளுங்கள். அதையும் அவள் வாயாலேயே பதிவு செய்துவிட்டு, அப்புறம் பாட்டைக் கேளுங்கள்.