1,667 பங்குகளில் ஒரு மலை

சொந்தமாக ஒரு பனிச்சறுக்கு மலை வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் அமெரிக்காவில் எப்போதும் உண்டு. அந்த ஆசை மலிவாகக் கைகூடிய காலமும் இருந்தது. 1934-இல் வெர்மான்ட் மாநிலத்து உட்ஸ்டாக்கில், ஒரு பண்ணைச் சரிவில், ஃபோர்டு மாடல்-டி எஞ்சினால் கயிற்றைச் சுழலவிட்டு ஆட்களை மேலே இழுத்தார்கள். எஞ்சின், கயிறு, சரிவு இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம். அப்படித் தொடங்கி மூடிப்போனவை நியூ இங்கிலாந்தில் மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 1980-களின் தொடக்கத்தில் நாடு முழுக்க 700-க்கு மேல் இருந்த சறுக்குத் தலங்கள் இன்று 500-க்கும் குறைவு.

கணக்கு அப்படி. ஒரு ஏக்கரில் ஓரடிக்குச் செயற்கைப் பனி போட ஏறத்தாழ 6 லட்சம் லிட்டர் தண்ணீர் தேவை. பம்பு, கம்ப்ரசர், மின்கட்டணம் தனி. அதுவும் நன்றாகக் குளிர் இறங்கிய நேரத்தில்தான் போட முடியும். கல்லா நிறைவது கிறிஸ்துமஸ் வாரத்திலும் ஜனவரி, பிப்ரவரி விடுமுறைகளிலும். அந்த நாட்களில் மழை பிடித்துக்கொண்டால் ஆண்டு வருமானமே ஆட்டம் காணும்; காப்பீடும் லிஃப்ட் பராமரிப்பும் மழையைப் பார்த்துக் குறைவதில்லை. போதாக்குறைக்கு 2008-இல் வேல் ரிசார்ட்ஸ் நிறுவனம் எபிக் பாஸைக் கொண்டுவந்தது. ஒரே பாஸில் பல மலைகள், பனி விழும் முன்பே பணம் கையில். ஒற்றை மலைக்காரர் இதோடு எப்படிப் போட்டிபோடுவது?

வெர்மான்ட்டின் மேட் ரிவர் க்ளென் ஒரு வழி கண்டது. 1948-இல் அதை நிறுவியவர் ரோலண்ட் பால்மெடோ. 1970-களில் உரிமையாளரான பெட்சி பிராட், மலையைப் பெருநிறுவனம் எதற்கும் கொடுக்காமல், 1995-இல் அங்கே சறுக்க வருபவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கே விற்றார். ஒரு பங்கு 1,500 டாலர். 1,667 பங்குகளில் விலையான 25 லட்சம் டாலர் தேறிவிடும்.

இந்த ஏற்பாட்டின் பலம், பங்குதாரர்கள் லாபம் கேட்டு நெருக்காததுதான். 2007-இல் அது நன்றாகத் தெரிந்தது. மலையின் அடையாளமே ஒற்றை நாற்காலி லிஃப்ட். கம்பியில் ஒரு நாற்காலி, அதில் ஒரே ஆள். பக்கத்தில் பேச்சுத்துணை கிடையாது, உச்சிவரை குளிரும் தானுமாகப் போகவேண்டும். அது தேய்ந்துபோனபோது இருவர் லிஃப்டாக மாற்றியிருக்கலாம். உறுப்பினர்களோ, நன்கொடை திரட்டி, 15 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து, ஒற்றையாகவே புதுப்பித்தார்கள். பார்த்தால் பழம்பெருமைச் செலவு. ஆனால் ஆட்கள் ஒவ்வொருவராக மேலே போவதால் தடங்களில் நெரிசல் இல்லை, இயற்கைப் பனியும் சீக்கிரம் தேயாது. செயற்கைப் பனி பெரும்பாலும் இல்லாத மலைக்கு இது விவேகமான முடிவே. கூட்டமான நாட்களில் நீளும் வரிசை அதற்குக் கொடுக்கும் விலை.

ஸ்னோபோர்டுக்குத் தடை என்பதில் அந்த விவேகத்தைக் காணோம். பிராட் காலத்துத் தடையைச் சங்கமும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு தலைமுறை இளைஞர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவதை மரபு என்பதைவிடப் பிடிவாதம் என்பதே பொருத்தம். வாடிக்கையாளரே முதலாளியானால் வரும் வம்பு இது: இருப்பவர்களின் ருசிதான் செல்லும், இனி வரவேண்டியவர்களுக்கு ஓட்டு இல்லை.

இன்னொரு சிக்கல், இதை எல்லா மலையிலும் நகலெடுக்க முடியாது. மேட் ரிவருக்குப் புகழ் இருந்தது, ஏறக்குறைய 2,000 அடி இறக்கம் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக மனசு வைத்த உரிமையாளர் இருந்தார். மெய்ன் மாநிலத்து சேடில்பேக் 2015-இல் மூடியது. பழைய லிஃப்டை மாற்றப் பணமில்லை. ஆர்வலர்கள் அறக்கட்டளை அமைத்து வாங்கப் பார்த்தும் நடக்கவில்லை. 2020 டிசம்பரில் அது திறந்தது, ஆர்க்டாரிஸ் என்ற முதலீட்டு நிறுவனம் பணம் இறக்கிப் புது லிஃப்ட் போட்ட பிறகுதான். உள்ளூர்ப் பாசத்தால் ஒரு மலையை வாங்கிவிடலாம். பல லட்சம் டாலர் லிஃப்டுக்கு அது எட்டுவது அபூர்வம்.

வெர்மான்ட்டின் மேஜிக் மவுன்டன் நடுவழியில் போகிறது. 1991-இல் மூடி 1997-இல் மீண்ட அந்த மலையை 2016-இல் ஒரு சிறு முதலீட்டாளர் குழு எடுத்துக்கொண்டது. சங்கம் இல்லை, பெருநிறுவனமும் இல்லை. முடிவுகள் விரைவாக எடுக்கலாம், பணம்தான் மெதுவாக வரும். அருகிலுள்ள ஸ்ட்ராட்டன் மலை கழித்துவிட்ட நால்வர் லிஃப்ட் ஒன்றை 2018-இல் வாங்கினார்கள். அது ஓடத் தொடங்கியது 2024-இல்.